அட்டை ஒட்டிய மீட்டர்

என் அக்காவின் வீட்டுக்காரரை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். நான் மட்டும் மாமா என்பேன், அதுவும் கோபம் வராத நாட்களில். அவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கு அடுத்த கடை என் போட்டோ ஸ்டூடியோ. லைசென்ஸுக்கு வேண்டிய போட்டோவை நான் எடுப்பேன், ஓட்டுவதை அவர் சொல்லித் தருவார். நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. அவர் இருமினால் என் கேமரா ஆடும். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் பேசத்தான் போகிறேன்.

அவருடைய வாழ்க்கை பக்கத்து சீட்டில் நடந்தது. அவர் ஸ்டீயரிங் பிடித்துப் பார்த்தவர்கள் குறைவு. காலையில் கடை வாசலிலிருந்து காரை எடுப்பதையும் கற்றுக்கொள்ள வந்தவர்தான் செய்வார், சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்துவதையும் இன்னொருவர் செய்வார். பக்கத்து சீட்டின் காலடியில் அவருக்கென்று ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அவை இரண்டிலும் கால் வைத்தே அவருக்குத் தலை நரைத்தது. பஸ்ஸில் போகும்போது டிரைவர் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் இவர் கால் தரையை அழுத்தும். அக்கா கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கப் போனால், நாற்காலியில் இருக்கும் இவர் கால் தானாக நீளும். கால் நீளுகிற அளவுக்குக் கை நீளுவதில்லையே என்று அக்கா சொல்லுவாள்.

கத்தாத மாஸ்டர் என்று அவருக்குப் பெயர். வேறு இடத்தில் திட்டு வாங்கி அழுதவர்கள், ஐம்பது வயதுக்கு மேல் ஆசை வந்தவர்கள், ஒரு முறை எங்காவது இடித்துவிட்டுப் பயந்து போனவர்கள் எல்லோரும் கடைசியில் இவரிடம் வருவார்கள். காலேஜ் பையனாக இருந்தாலும் காருக்குள் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். இறங்கியபின் அதே பையனை வாடா, போடா என்பார். காருக்குள் இருப்பவர் வேறு ஆள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வீட்டில் அக்காவுக்கு அந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை என்பது தனிக் கதை.

அவருடைய பாடத்தில் ஒரே ஒரு சட்டம்தான் கண்டிப்பானது. மீட்டரைப் பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு பேங்க் ஆபீசர் வேக முள்ளையே பார்த்துக்கொண்டு போய், குப்பைத் தொட்டியோடு காரை ஒரு வீட்டு வாசலில் ஏற்றியிருக்கிறார். அன்று சாயங்காலமே மாஸ்டர் ஒரு அட்டையை அளவாக வெட்டி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டர்கள் எல்லாவற்றையும் மூடி ஒட்டிவிட்டார். வேகம், பெட்ரோல், எஞ்சின் சூடு, எதுவும் தெரியாது. வேகத்தைக் காதால் கேட்கலாம், பெட்ரோலை அவர் மனக்கணக்காக வைத்துக்கொள்வார். சூட்டைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நல்ல காரில் அதை நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தக் கார் நல்ல கார்தான், அதன் காலத்தில். பிறகு அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது. தெருக்கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய டிரைவிங் ஸ்கூல் வந்தது. வரிசையாக நாலைந்து புதுக் கார்கள், யூனிஃபார்ம் போட்ட இளம் மாஸ்டர்கள். ஒரு நாள் நம்மவர் என்னிடம் கூடச் சொல்லாமல் அங்கே வேலை கேட்டுப் போய்விட்டு வந்தார். மேனேஜர் உட்காரவைத்து டீ கொடுத்து வயதைக் கேட்டாராம். பிறகு இன்னொரு டீ கொடுத்தாராம். திரும்பி வந்து, டீ நன்றாக இருந்தது என்று மட்டும் என்னிடம் சொன்னார். ஆக, அந்தக் கார் ஓடும்வரை அவர் மாஸ்டர். கார் படுத்தால் இவர் வெறும் ஆள். இது அவருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கும் தெரியும்.

ஒரு நாள் காலையில் காருக்கு அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஏ.சி. தண்ணீராக இருக்கும் என்றார். அந்தக் காரில் ஏ.சி. வேலை செய்து எத்தனையோ வருஷமாகிறது என்று நான் நினைவூட்டினேன். அப்படியானால் யாராவது பெயின்ட் கொட்டியிருப்பார்கள் என்று சொல்லி, ஒரு துணியைக் கொண்டுவந்து தரையைத் துடைத்தார். மறுநாளும் துடைத்தார். அதற்கு மறுநாள் நான் துணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

எங்கள் மெக்கானிக்குக்குப் 'பொறுங்க' என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் பொறுங்க என்பார். பானட்டைத் திறந்து பார்த்தார், பொறுங்க என்றார். ரேடியேட்டர் என்பது எஞ்சினைச் சுற்றி வருகிற அந்தப் பச்சைத் தண்ணீரைக் குளிரவைக்கும் சல்லடை மாதிரியான சாமான். அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி உண்டு. அந்தத் தொட்டியில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. கார் சும்மா நிற்கும்போது கீறல் மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால் வாயைத் திறக்கும். பிளாஸ்டிக்கில் ஈயம் வைத்துப் பற்றவைக்க முடியாது, புது ரேடியேட்டர்தான் போட வேண்டும், ஆனால் இந்த மாடலுக்கு இப்போது புதிது வருவதில்லை. இதையெல்லாம் பொறுங்க மிகவும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாஸ்டர் கடைசிவரை கேட்டுவிட்டு, பசை போட்டு ஒட்ட முடியாதா என்றார்.

ஒட்டினார்கள். இரண்டு குழாய்ப் பசையைப் பிசைந்து, கீறலின்மேல் அப்பி, காயும்வரை காரைத் தொடக் கூடாது என்று சொன்னார்கள். காய்ந்தபின் கல் மாதிரி இருந்தது. மாஸ்டர் தட்டிப் பார்த்து மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி அந்த வாரத்தைத் தாண்டவில்லை. பசை அப்படியே இருந்தது, பசைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது இதுதான்.

அந்த நாட்களில் கற்றுக்கொள்ள வருவோர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. காசு கட்டியவர்கள் பசை காயும்வரை எத்தனை நாள் காத்திருப்பார்கள்? கடைசியில் ஒரே ஒருவர் மிஞ்சினார். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸம்மா. மற்ற இடங்களில் கத்துகிறார்கள் என்பதால் இவரை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஊசி போடும்போது நடுங்காத கை கியரைத் தொட்டால் நடுங்கும். அந்த நர்ஸம்மாவுக்காகவாவது காரை ஓடவைத்துவிட வேண்டும் என்று மாஸ்டர் பிடிவாதமாக நின்றார். ஒரு ஆள் இருந்தாலும் ஸ்கூல் ஸ்கூல்தானே என்றார். எனக்கு எரிச்சல் வந்தது.

பழைய கார்களை உடைத்து விற்கிற இடத்தில் பொறுங்க நாலு நாள் அலைந்து, வேறொரு மாடலின் ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். அகலம் சரியாக இருந்தது, உயரம் குறைவு. தகடு வெட்டி, கம்பி கட்டி, ரப்பர் வைத்து எப்படியோ உட்காரவைத்தார். தண்ணீர் ஊற்றி ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பொறுங்க மட்டும் சந்தோஷப்படவில்லை. ஓடுகிற காருக்கு இந்த ரேடியேட்டர் போதும், ஊர்ந்து போகிற காருக்குப் போதாது என்றார். கற்றுக்கொள்கிறவர்களின் கார் நாள் முழுக்க முதல் கியரில் ஊரும், முன்னால் காற்று அடிக்காது, எஞ்சின் சூடாகும். "முள்ளை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க மாஸ்டர். சிவப்புக் கோட்டைத் தொடுறதுக்கு முன்னாடி எஞ்சினை நிறுத்திடுங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேணாம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாஸ்டர் மறுக்காமல் அட்டையைப் பிய்த்தார். மீட்டர்கள் தூசி படியாமல் புதிது போல இருந்தன. மறுநாள் நர்ஸம்மா ஏறி உட்கார்ந்தார். சூட்டு முள் என்று ஒன்று இருப்பதும் அது ஏறக் கூடாது என்பதும் தெரிந்த பிறகு அவர் கண் சாலையில் நிற்கவே இல்லை. காய்ச்சல்காரருக்கு வைத்த தெர்மாமீட்டரைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டு போய், பிளாட்பாரத்தில் ஏறி, ஒரு தையல் கடையின் போர்டைத் தொட்டு நின்றார். மாஸ்டரின் பிரேக் இருந்ததால் தொட்டதோடு போயிற்று. அன்று சாயங்காலம் அட்டை மறுபடியும் ஏறியது. இந்த முறை ஓரத்தை மட்டும் ஒட்டாமல் விட்டிருந்தார். அவரே பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி, அந்த ஓரத்தைத் தூக்கி, முள்ளைப் பார்த்துக்கொள்வார். சாலையைப் பார்க்கிற வேலை ஒருவருக்கு, முள்ளைப் பார்க்கிற வேலை இன்னொருவருக்கு. நல்ல ஏற்பாடுதான் என்று எனக்கும் பட்டது. பொறுங்கவிடம் சொன்னால் ஏதாவது சொல்லுவார் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

சில நாள் எல்லாம் சரியாக நடந்தது. மாஸ்டர் அட்டையைத் தூக்குவார், பார்ப்பார், விடுவார். முள் சிவப்பை நெருங்கினால் மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, ஆறும்வரை கியர் பற்றிப் பாடம் நடத்துவார். நர்ஸம்மாவின் கை நடுக்கம் குறைந்தது. மேம்பாலத்தில் ஏறி, பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே பாடம். அது வந்துவிட்டால் டெஸ்டுக்குப் போகலாம். கார் பிழைத்துவிட்டது என்று மாஸ்டர் நம்ப ஆரம்பித்தார். வாசல் போர்டைக் கழுவித் துடைத்தார். புதிதாகச் சேர விரும்பிய இரண்டு பேரை நர்ஸம்மா தன் ஆஸ்பத்திரியிலிருந்தே அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார்.

மேம்பாலத்தில் நடந்ததை நர்ஸம்மாவே பிறகு என்னிடம் சொன்னார். ஏற ஆரம்பித்ததும் இனிப்பாக ஒரு வாசனை வந்திருக்கிறது, பச்சைத் தண்ணீர் கொதித்தால் வருகிற வாசனை. சொல்லியிருக்கிறார். மாஸ்டர் அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இடம் இருக்கிறது, சாலையைப் பாருங்கள் என்றிருக்கிறார். பாதியில் நிறுத்தினார்கள், மறுபடி எடுத்தார்கள். முதல் முறையாக வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகவில்லை. மாஸ்டர் சபாஷ் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் பானட்டின் இரண்டு பக்கமும் புகை. உள்ளே ஏதோ இறுகிப் பிடித்த மாதிரி ஒரு சத்தம் வந்து எஞ்சின் நின்றது. வண்டி பின்னால் உருளத் தொடங்க, மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா அழுதுவிட்டார். உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, கிளட்ச் சரியாகத்தான் விட்டீர்கள் என்று அவரைத் தேற்றி, இறக்கி, ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார். மாப்ள, கொஞ்சம் வர முடியுமா என்றார், கடைக்குக் கூப்பிடுகிற குரலில்.

சாப்பாட்டுப் பையோடு அக்கா அப்போதுதான் கடைக்கு வந்திருந்தாள். அவளும் என்னோடு வந்தாள். நாங்கள் போனபோது பொறுங்க தன்னுடைய பிக்கப் வண்டியோடு வந்துவிட்டிருந்தார். பானட்டைத் திறந்து, குனிந்து, ஒரு கம்பியை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். அது தண்ணீர் கலந்து, பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. அவர் பொறுங்க என்று சொல்லவில்லை. அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பிறகு பொறுங்க ஸ்டீயரிங் சீட்டில் உட்கார்ந்து, சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்பி, அட்டையைத் தூக்கினார். மாஸ்டர் தன் சீட்டில் இருந்தார். கதவைத் திறந்து வைத்து நானும் அக்காவும் வெளியே நின்றோம்.

"சிவப்புக்குள்ள நிக்குது மாஸ்டர். நீங்க பாக்கலையா?"

"பாத்தேனே. இப்பவும் பாக்கறேன். சிவப்புக்கு ஒரு கோடு கீழதான இருக்கு?"

பொறுங்க திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு மீட்டரைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"எங்கேருந்து பாத்தீங்க?"

"இங்கேருந்துதான்."

பொறுங்க இறங்கி, இந்தப் பக்கம் வந்து, மாஸ்டரின் கையைப் பிடித்து எழுப்பி, அந்தப் பக்கம் கூட்டிப்போய் ஸ்டீயரிங் சீட்டில் உட்காரவைத்தார். மாஸ்டர் அட்டையைத் தூக்கினார். வெகுநேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். முள் மீட்டரின் முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது. நேராகப் பார்த்தால் ஒரு இடம் காட்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு கோடு குறைத்துக் காட்டும். இத்தனை வருஷமும் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்தே பார்த்தவருக்கு அது தெரியவில்லை. கேமராவில் கண் வைத்துப் பிழைக்கிற எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் தோன்றவில்லை. மரத்தடியில் நிறுத்திய ஒவ்வொரு முறையும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டுத்தான் நின்றிருக்கிறது.

சூட்டில் எஞ்சினின் தலைப்பாகம் வளைந்துவிட்டது, உள்ளே பிஸ்டனும் இறுகிப் பிடித்துக்கொண்டது, இதன் மேல் இனி எதுவும் செய்யாதீர்கள் என்று பொறுங்க சொன்னார். வேறு எஞ்சின் வைக்க முடியாதா என்று நான் கேட்டேன். ரேடியேட்டரே கிடைக்காத மாடலுக்கு எஞ்சினா என்றார். மேம்பாலத்தில் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனார்கள். சிலர் கூரையில் இருந்த டிரைவிங் ஸ்கூல் போர்டைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்களை அடிக்க வேண்டும் போல இருந்தது.

கயிறு கட்டி இழுக்க வேண்டும். பொறுங்க பிக்கப்பை ஓட்டுவார். இழுபடுகிற காரின் ஸ்டீயரிங்கை ஒருவர் பிடிக்க வேண்டும். அதற்குள் மாஸ்டர் மறுபடியும் தன் சீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். அந்தப் பக்கம் வாங்க மாஸ்டர் என்று பொறுங்க கூப்பிட்டார். அவர் நகரவில்லை. "என் பிரேக் இங்கதான் இருக்கு," என்றார். இரண்டு காலும் அந்தப் பிரேக்கின் மேலேயே இருந்தன. நான் அவரிடமே ஒரு மாதம் கற்றுக்கொண்டு, பயந்துபோய்ப் பாதியில் விட்டவன். பொறுங்க என்னைப் பார்த்தார், நான் கயிற்றைப் பார்த்தேன்.

அக்கா சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுற்றி வந்து, ஸ்டீயரிங் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஓட்டத் தெரியுமா என்று பொறுங்க கேட்டதற்கு, "தெரியாது. அதான் பக்கத்துல மாஸ்டர் இருக்காரே," என்றாள். நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

வண்டி அசைந்தது. வளைவு வந்தபோது மாஸ்டரின் குரல் வந்தது, அவருடைய பாடக் குரல். மெதுவாகத் திருப்புங்கள், கையை மாற்றிப் பிடியுங்கள், முன்னால் போகிற வண்டியைப் பாருங்கள், கயிற்றைப் பார்க்காதீர்கள் என்றார். அக்காவை அவர் நீங்கள் என்று சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை. அவள் சிரிக்கவில்லை. சொன்னபடி திருப்பினாள். பிக்கப் வேகம் குறைக்கும் இடங்களில் மாஸ்டர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பிரேக்கை மிதித்தார். எஞ்சின் ஓடாத காரில் பிரேக் மரக்கட்டை போல இறுகியிருக்கும். இரண்டு காலையும் வைத்து அழுத்த வேண்டியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் கயிறு ஒரு இடத்திலும் தொய்யவில்லை, முன்வண்டியில் நாங்கள் ஒரு இடத்திலும் முட்டவில்லை.

கல்யாணமான புதிதில் அக்கா அவரிடம் கேட்டிருக்கிறாள், எனக்கும் ஓட்டச் சொல்லித் தாருங்கள் என்று. கற்றுக்கொள்ள வருகிற கூட்டம் கொஞ்சம் குறையட்டும், நிதானமாக உனக்குச் சொல்லித் தருகிறேன் என்றாராம். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்கை இறுக்காமல், விடாமல், பல நாள் பிடித்தவள் போலப் பிடித்திருந்தாள். சாப்பாட்டுப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பொறுங்கவின் பட்டறை வாசலில் பிக்கப் நின்றது. மாஸ்டர் மிதித்தார், நாங்களும் நின்றோம். பொறுங்க இறங்கிக் கயிற்றை அவிழ்க்கப் போனார். பாடம் முடிந்ததும் கற்றுக்கொள்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், அவர் ஏதாவது சொல்லுவார். அக்காவும் அப்படித்தான் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா ஓட்டுறீங்க. பயமே இல்ல உங்களுக்கு. இன்னும் நாலு நாள் போதும்."

"எந்தக் கார்லங்க?" என்றாள் அக்கா.

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். மாஸ்டர் முன்கண்ணாடி வழியாகப் பட்டறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பொறுங்க கயிற்றைச் சுருட்டி முடித்து, வந்து கண்ணாடியைத் தட்டும்வரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.